கோயில் நோக்கிய கடலும் பேரரசுகள் நோக்கிய துறையும்: திருகோணமலை

தில்லியில் திருகோணமலை என்னும் பெயர் பெரும்பாலும் எண்ணெய்க் குதங்களோடும் கடற்படையோடும் சேர்த்தே பேசப்படுகிறது. 1987 சூலை 29இல் கையெழுத்தான இந்திய - இலங்கை உடன்படிக்கையை ஒட்டிப் பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்திய நலனுக்கு ஊறு நேரும் வகையில் இத்துறைமுகம் எந்நாட்டின் படைப் பயன்பாட்டிற்கும் அளிக்கப்படாது என்னும் உறுதி இடம்பெற்றது. தமிழ் கற்பிப்போருக்கோ இது முதற்கண் பாடல் பெற்ற தலம். இவ்விரு பார்வைகளும் ஒரே இடத்தைத்தான் நோக்குகின்றனவா என்னும் வினா, தில்லியிலிருந்து சென்று அவ்வூரை நேரில் கண்டபோது எழுந்தது.

கோணேசர் கோயில் செங்குத்தான பாறைமுனை ஒன்றின்மீது நிற்கிறது. அதன் விளிம்பில் நிற்பவர்க்குத் தெரிவது வங்கக்கடலின் திறந்த பரப்பு. புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகமோ பின்புறம், தென்மேற்கே, குன்றுகளின் அணைப்பில் ஒடுங்கிக் கிடக்கிறது. மகாவலி கலக்கும் கொட்டியாற்று விரிகுடாவின் வழியாகவே கப்பல்கள் அதனுள் நுழைய இயலும்.

சம்பந்தர் பதிகம் காட்டுவது முத்துகளைக் கொழிக்கும் அலைகடலை. மரக்கலம் ஒதுங்கும் உள்துறையை அன்று. அவர் இராமேசுவரத்தில் நின்றே இப்பதிகத்தைப் பாடினார் என்பது மரபு. எனவே கடல் வருணனையை நேரிற் கண்ட சான்றாகக் கொள்வது பொருந்தாது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலும் பெரிதும் பேசுவன குளக்கோட்டனின் திருப்பணி, கந்தளாய்க் குளம், வயல், கோயில் தொழும்பு ஆகியனவே. சோழர் காலத்து நிலாவெளிக் கல்வெட்டும் நிலக்கொடையையே கூறுகிறது. இக்கோயில் கடலைப் பார்த்து நின்று நிலத்தால் வாழ்ந்த கோயில் எனலாம். துறைமுகச் செல்வத்தால் வளர்ந்தது என எளிதில் எழுதிவிடும் வழக்கத்திற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை.

உள்துறையின் மதிப்பை உயர்த்தியது பாய்மரக் கப்பற்படைகளின் தேவை. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக்குத் தப்பிப் பெருங்கப்பல்கள் ஒதுங்க இயற்கைப் புகலிடம் இல்லை. சென்னை திறந்த கடலாகவே இருந்தது. அங்குக் கட்டத் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தையும் 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. ஆகவே கீழ்க்கரையைக் காக்க விரும்பியவர்க்குத் திருகோணமலை இன்றியமையாததாயிற்று. 1782 சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார். மீண்டும் ஒல்லாந்தர் வசமான இவ்விடம் 1795இல் ஆங்கிலேயரை அடைந்தது. 1942 ஏப்ரல் 9இல் சப்பானிய வானூர்திகள் குண்டு வீசியதும் இத்துறையின் பொருட்டே. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களுள் 61ஐ இருநாட்டுக் கூட்டு நிறுவனம் மேம்படுத்த 2022இல் ஒப்பந்தமாயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1620களில், போர்த்துக்கேயர் பழங்கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். இரட்டைக் கயல் பொறித்த தூணும் சிதைந்த தமிழ் வரிகளும் பிரெடரிக் கோட்டையின் வாயிலில் உள்ளன. 1223இல் சோடகங்கன் வந்ததைக் கூறும் வடமொழிக் கல்வெட்டும் அக்கோட்டையிலேயே கிடைத்தது. இன்றும் கோணேசரை வழிபடச் செல்வோர், படையினர் தங்கியுள்ள அக்கோட்டை வாயிலைக் கடந்தே பாறைமுனையை அடைகின்றனர்.