டிவி பெட்டியின் சாவி யார் கையில்? வீட்டு மீடியா லினக்ஸின் கதை

"வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கு. டிவியோட இணைச்சு படம், பாட்டு எல்லாம் ஓட்டணும். எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ போடலாம்?" அடிக்கடி வர்ற கேள்வி இது. ஒரே வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரி சீக்கிரமே பழசாயிடும். ஏன் பழசாகுதுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை நீங்களே தேர்ந்தெடுப்பீங்க. அதனால இன்னிக்கு கொஞ்சம் பின்னாடி போவோம்.

பூட்டின பெட்டி

1999ல் அமெரிக்காவில் டிவோ என்கிற பெட்டி விற்பனைக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க் வைத்த ரெக்கார்டர். ஓடிக்கிட்டிருக்கிற நிகழ்ச்சியையே நிறுத்தி வச்சு, டீ குடிச்சுட்டு வந்து தொடர்ந்து பார்க்கலாம். அதுக்குள்ள ஓடினது லினக்ஸ் கெர்னல். வாங்கினவங்கள்ல பலருக்கு அது தெரியவே தெரியாது.

உரிமத்தின்படி டிவோ நிறுவனம் கெர்னலோட மூல நிரலைக் கொடுத்தது. ஆனா நீங்க அதை மாத்தி அதே பெட்டியில ஏத்தினா, பெட்டி கையொப்பத்தைச் சரிபார்த்துட்டு ஓட மறுத்துடும். நிரல் உங்களுது, பெட்டியும் காசு கொடுத்து வாங்கினது, ஆனா சாவி மட்டும் அவங்ககிட்ட! ரிச்சர்ட் ஸ்டால்மன் இதுக்கு டிவோஐசேஷன்னே பேர் வச்சார். 2007 ஜூன்ல வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்புல இதைத் தடுக்க தனிப் பிரிவே சேர்த்தாங்க. லினக்ஸ் கெர்னல் மட்டும் இன்னிக்கும் இரண்டாம் பதிப்புலயேதான் இருக்கு.

நாமே கட்டுவோம்

2002ல் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்கிற புரோகிராமர், கேபிள் கம்பெனி கொடுத்த பெட்டி பிடிக்காம, மித்டிவியை எழுத ஆரம்பிச்சார். டிவோ செய்யறதை எல்லாம் சாதாரண கம்ப்யூட்டர்ல செய்யறதுதான் நோக்கம். மென்பொருள் நல்லா இருந்தது, நிறுவறதுதான் தலைவலி. டியூனர் கார்டுக்கு டிரைவர், ரிமோட்டுக்கு ஒரு மென்பொருள், பின்னாடி ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்னு ஒண்ணொண்ணா உட்கார வைக்கணும். வார இறுதி முழுக்க அதுலயே போயிடும்.

மீடியாவுக்குன்னே தனி டிஸ்ட்ரோக்கள் பிறந்தது இந்தத் தலைவலியாலதான். நாப்பிக்ஸ் அடிப்படையில நாப்மித் வந்தது. 2007 அக்டோபர்ல உபுண்டு அடிப்படையில மித்புண்டு வந்தது. ஒரே சிடியில எல்லாம் தயார்.

ஆனா அதே 2007ல் ஒரு அடி விழுந்துச்சு. எந்த சேனல்ல எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சின்னு சொல்லும் பட்டியலை, அமெரிக்காவில் ஒரு சேவை இலவசமா கொடுத்துக்கிட்டு இருந்தது. செப்டம்பர் 1 முதல் அது நின்னுபோச்சு. பட்டியல் இல்லேன்னா ரெக்கார்டருக்கு கண் இல்லாத மாதிரி. பயனர்களே சேர்ந்து ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்கிற லாப நோக்கமற்ற அமைப்பை உருவாக்கி, சந்தா போட்டு பட்டியலை வாங்கினாங்க. நிரல் சுதந்திரமா இருந்தா மட்டும் போதாது, அதுக்கு வேண்டிய தகவல் வேற யாரோ கையில இருக்குன்னு அப்பதான் பலருக்கு உறைச்சது.

விளையாட்டுப் பெட்டியிலிருந்து வந்தவன்

இன்னொரு பக்கம், மைக்ரோசாப்டோட எக்ஸ்பாக்ஸ். 733 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 64 எம்பி நினைவகம். அதை மாத்தியமைச்சு, அதுக்குள்ள எக்ஸ்பிஎம்சி என்கிற மீடியா சென்டரை ஓட்டினாங்க. முதல் பதிப்பு 2004ல் வந்தது. மைக்ரோசாப்டோட உருவாக்கக் கருவியை வச்சுக் கட்டினதால, ஓடுற நிலையில தொகுத்து அதிகாரபூர்வமா கொடுக்க முடியாது, மூல நிரலா மட்டும்தான் கொடுத்தாங்க.

2008ல் அது லினக்ஸுக்கு முழுசா வந்து சேர்ந்தது. அதே வருஷ நவம்பர்ல என்விடியா, வீடியோவைப் பிரிக்கிற வேலையை கிராபிக்ஸ் சிப்பே செய்யும் விடிபாவ் வசதியை லினக்ஸுக்குக் கொடுத்தது. சின்ன ஆட்டம் பிராசசர் போட்ட பெட்டியிலகூட 1080பி படம் தடங்கல் இல்லாம ஓட ஆரம்பிச்சது. 2014ல் எக்ஸ்பிஎம்சி, கோடி ஆச்சு. எக்ஸ்பாக்ஸே அதுல இல்லாதபோது பேர் மட்டும் எதுக்கு?

தேவையானது மட்டும்

2009ல் ஸ்டீபன் ராவ் தொடங்கின ஓபன்எலெக், கேள்வியையே திருப்பிப் போட்டது. முழு டிஸ்ட்ரோ எதுக்கு? கோடி ஓட என்ன தேவையோ அது மட்டும் போதும். சிஸ்டம் முழுக்க படிக்க மட்டும் முடியற ஒரு கோப்பா இருக்கும், உங்க தகவல் தனிப் பகுதியில. திடீர்னு கரண்ட் போனாலும் சிஸ்டம் கெடாது. ஆனா ஆப்ட் கிடையாது, நினைச்ச மென்பொருளைப் போட முடியாது.

2012 பிப்ரவரியில் ராஸ்ப்பெரி பை 35 டாலருக்கு வந்ததும் இந்த வழி நல்லாவே பிடிச்சுக்கிச்சு. சாம் நசார்கோ டெபியனை வச்சு ராஸ்பிஎம்சி செய்தார், அதுதான் பிறகு ஓஎஸ்எம்சி ஆச்சு. இங்கயும் ஒரு சின்ன பூட்டு இருந்தது. எம்பெக்-2 வீடியோவை அந்த சிப் பிரிக்கணும்னா காப்புரிமைக்காக 2.40 பவுண்டு கொடுத்து தனிச் சாவி வாங்கணும்!

2016 மார்ச்ல ஓபன்எலெக் குழுவுல கருத்து வேறுபாடு. பெரும்பாலான டெவலப்பர்கள் பிரிஞ்சு போய் லிப்ரேஎலெக் தொடங்கினாங்க. பழையது கொஞ்ச நாள்லயே ஓய்ஞ்சது. அதே வருஷம் நவம்பர்ல ஆள் பற்றாக்குறையால மித்புண்டுவும் தனி டிஸ்ட்ரோவா நின்னுபோச்சு. ஆனா யாரோட பெட்டியும் செங்கல் ஆகல. ஓபன்எலெக்ல இருந்தவங்க லிப்ரேஎலெக்குக்குப் போனாங்க. மித்டிவி ஆட்கள் சாதாரண உபுண்டுல மித்டிவியைப் போட்டுக்கிட்டாங்க.

அப்ப எதைப் போடலாம்?

படமும் பாட்டும் மட்டும் போதும், குடும்பத்துல எல்லாரும் ரிமோட்டை வச்சே ஓட்டணும்னா லிப்ரேஎலெக். ராஸ்ப்பெரி பையில கோடியோட வேற சேவைகளும் ஓடணும்னா ஓஎஸ்எம்சி. பழைய கம்ப்யூட்டர்னா டெபியன்ல கோடி. டிவி நிகழ்ச்சி பதிவு செய்யணும்னா டெபியன் அல்லது உபுண்டுல மித்டிவி இல்ல டிவிஹெட்எண்ட். கட்டண ஓடிடி தளங்கள்தான் முக்கியம்னா ஒண்ணு சொல்லிடறேன், உள்ளடக்கப் பூட்டு காரணமா லினக்ஸ்ல பெரும்பாலும் உயர்ந்த தரம் கிடைக்காது. அதுக்குத் தனிப் பெட்டியே மேல்.

நிறுவறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. உங்க சிப் எந்த வீடியோ வகையைத் தானே பிரிக்கும்? உதாரணமா ராஸ்ப்பெரி பை 5ல் ஹெச்.265க்குத்தான் வன்பொருள் உதவி, ஹெச்.264ஐ பிராசசர்தான் பிரிக்கணும். அடுத்தது, அந்த டிஸ்ட்ரோவோட கடைசி வெளியீடு எப்ப வந்தது?

யோசிச்சுப் பாத்தா, லிப்ரேஎலெக்கும் டிவோ மாதிரி ஒரு பூட்டின பெட்டிதான். ஆனா இதுல சாவி கதவுலயே தொங்குது. வேணும்னா நீங்களே திறந்து, மாத்தி, மறுபடி பூட்டிக்கலாம். அந்தச் சாவி இருந்ததாலதான் ஒரு திட்டம் நின்னப்ப இன்னொண்ணு அதே நிரல்லேர்ந்து எழுந்து வர முடிஞ்சது.