மலைக்குப் போன பழைய வழி

“வட்டவளைக்கு என்ன சரித்திரம் இருக்கிறது? வெள்ளைக்காரன் வந்தான், காடு வெட்டினான், கோப்பி நட்டான், தேயிலை நட்டான், அவ்வளவுதானே!” என்று நம் இளைஞர்களிற் பலர் சொல்லக் கேட்கிறோம். முதியோரிலும் இப்படி எண்ணுவோர் உண்டு. தோட்டத்துப் பிரட்டுப் புத்தகத்துக்கு முன்னே இம்மண்ணுக்கு வேறு ஏடே இல்லை என்பது நமக்கு நாமே கட்டிக்கொண்ட கட்டுக்கதை. வட்டவளை அமைந்திருப்பது அம்பகமுவப் பகுதியில். அம்பகமுவ என்ற பெயரோ எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாகச் சிவனொளிபாத மலையின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது.

7,359 அடி உயரமுள்ள அம்மலைக்கு இரத்தினபுரிப் பக்கமாகவும் குருவிட்டைப் பக்கமாகவும் செல்லும் தென்மேற்குப் பாதைகளே பழமையானவை; நல்லதண்ணி வழியாகச் செல்லும் நமது பாதை தோட்டக்காலத்தில் உண்டானது என்பது பொதுவான எண்ணம். மின்விளக்கும் 5,000க்கும் மேற்பட்ட படிகளும் கொண்ட இன்றைய பாதையைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வடக்கேயிருந்து வந்த யாத்திரிகர்கள் நம் மலைச்சரிவுகளின் வழியாகவே ஏறினர் என்பதற்குக் கல்லிலும் ஏட்டிலும் சான்று உண்டு.

பொலன்னறுவையிலிருந்த சோழராட்சியை 1070இல் அகற்றிய முதலாம் விஜயபாகு மன்னன், மலைக்குச் செல்வோர் படும் துன்பத்தைக் கண்டு, வழிகள்தோறும் அவர்களுக்கு உணவளிக்கும்படி கிராமங்களை மானியமாக விட்டான் என்று சூளவம்சம் கூறுகிறது. இரத்தினபுரி வழிக்குக் கிலிமலை. இராசரட்டையிலிருந்து வரும் வழிக்குக் கதலிகாமம். கதலி என்றால் வாழை. சிங்களத்தில் வாழை ‘கெகெல்’. ஆதலால் இக்கதலிகாமம் கெகெல்கமுவவே என்று அறிஞர்கள் கொள்கின்றனர். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் கெகெல்கமு ஓயா இன்றும் அப்பெயரைத் தாங்கி ஓடுகிறது.

இம்மன்னனின் கல்வெட்டு ஒன்று அம்பகமுவவிலேயே பாறையில் இருக்கிறது. பாதத்துக்குச் செய்த திருப்பணிகளைக் கூறும் அச்சாசனம், திருப்பாத முற்றத்துக்குக் கீழே இன்னொரு முற்றம் அமைத்ததையும் சொல்கிறது. எதற்காக? தாழ்ந்த குலத்தார் என்று எண்ணப்பட்டோர் நின்று வழிபடுவதற்காக! அவர்களும் மலையேற வேண்டும் என்று கருதியதற்கு மகிழ்வதா, அங்கேயும் கீழ்ப்படியில் நிறுத்தியதற்கு வருந்துவதா? நம் கோயில்களில் அண்மைக்காலம்வரை நடந்ததை அறிந்த பெரியவர்கள் பதில் சொல்லட்டும். இன்று மலையுச்சியில் அந்த வேற்றுமை இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராசன் இவ்வழியைச் செப்பனிட்டான். கம்பளையிலிருந்து தொடங்கி, சேறும் ஆறும் குறுக்கிட்ட இடங்களிலெல்லாம் பாலம் போட்டான். உலப்பனையில் 36 முழம், அம்பகமுவவில் 34 முழம் என்று அளவோடு எழுதி வைத்திருக்கிறது சூளவம்சம். கம்பளை, உலப்பனை, அம்பகமுவ என்ற வரிசையைப் பாருங்கள்! நாவலப்பிட்டிப் பக்கமிருந்து நாம் ஏறிவரும் அதே திசைதான். புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை 1874இலும் ஹற்றனை 1884இலும் வந்தடைந்தபோது வெள்ளைக்காரப் பொறியியலாளர் கண்டுபிடித்த திசை ஒன்றும் புதிதன்று.

தமிழர் இம்மலையை நாடிச் சென்றதற்கு மறுக்கமுடியாத சாட்சி, தமிழரல்லாத ஒருவர் தருவது. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கினார். அப்போது அங்கிருந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்க, “ஆதம் பாதத்தைக் காணவேண்டும்” என்றார் அவர். மன்னன் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் பாதத்துக்கு யாத்திரை செய்யும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், துணைக்குப் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரைச் சைவ மன்னன் யோகிகளைத் துணைகூட்டி அனுப்ப, அவர்கள் எல்லோரும் பௌத்தர் போற்றும் மலைமேல் ஒன்றாய் ஏறினார்கள். ‘ஆண்டுதோறும்’ என்ற அந்த ஒரு சொல்லை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். 1344க்கு முன்பே அது வழக்கமாகிவிட்டது என்பதன்றோ பொருள்?

அவர் எழுதியவற்றில் நம் தோட்டத்துத் தாய்மார் கேட்டால் சிரிக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. ஈரக்காட்டில் மரத்திலும் புல்லிலும் இருந்து தாவி ஒட்டும் அட்டைகளைப் பற்றி வியந்து கூறி, அவ்வூரார் அவற்றின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து விழச்செய்கின்றனர் என்கிறார். இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக் கொழுந்தெடுக்கும் நம் பெண்களின் கையிருப்பு மருந்து ஏறக்குறைய எழுநூறு ஆண்டுப் பழமையானது! இலங்கையிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான வட்டவளையில் அட்டைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

மலை யாருடையது என்ற கேள்வியை இளைஞர் கேட்காமல் விடுவதில்லை. பௌத்தர் சமந்தகூடம் என்பர், சைவர் சிவனொளிபாதம் என்பர், முஸ்லிம்களும் கிறித்தவரும் ஆதாம் மலை என்பர். எஞ்சிய எழுத்துச் சான்றுகளுள் மூத்தவை பௌத்தருடையவை. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் மலையின் வருவாயைச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான் என்பதும் அதே பௌத்த ஏடு கூறுவதே. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைத் திரும்பப் பிக்குகளிடம் ஒப்படைத்தவன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். இவனோ மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்கர் வழியினன், சைவச் சூழலிற் பிறந்தவன்! சரித்திரம் இப்படித்தான் நம் கட்சிகளுக்கு அடங்காமல் நடக்கிறது.

பாதையோரக் கதைகளும் பல. நல்லதண்ணி வழியில் உள்ள ஓடை சீதகங்குலை. சீதாப்பிராட்டி நீராடிய இடம் என்று நம்மவர் கூறுவர்; சிங்களத்தில் ‘சீத’ என்றால் குளிர்ச்சி. அதில் ஒருமுறை முகம் கழுவியவர் இரண்டாம் பொருளையும் எளிதில் நம்புவர். அதற்கு மேலே இந்திகட்டுபான: புத்தபெருமான் அங்கே கிழிந்த சீவரத்தைத் தைத்தார் என்பது ஐதிகம், யாத்திரிகர் ஊசியிற் கோத்த வெள்ளை நூலை அங்கே விட்டுச் செல்வர். வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மலையை நோக்கிப் பறந்து, பாதத்தை வணங்கி அங்கேயே உயிர்விடும் என்பது இன்னொரு கதை. சிங்களத்தில் ‘சமனல’ என்பது வண்ணத்துப்பூச்சிக்கும் பெயர், மலைக்கும் பெயர். சூரியன் உதிக்கும்போது மேற்கே விழும் முக்கோண நிழலைப் பற்றி நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை, கண்டவர் மறப்பதில்லை.

இனிக் காட்டுக்கு வருவோம். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காடெல்லாம் முடிக்குரிய நிலமாயிற்று. ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குப் பல உத்தியோகத்தரே வாங்கிக் குவித்தனர். அக்காட்டை வெட்டியவர் சிங்களக் கிராமத்தவரும், பின் கோப்பியை வளர்க்கத் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்த நம் முன்னோரும். வழியில் பேதியால் மாண்டவர்க்கு நடுகல்லும் இல்லை. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்ன, தேயிலை வந்தது. அந்த வேகத்தில் மலையுச்சிவரை மொட்டையடித்திருப்பார்கள். 1873 அளவில், இங்கிலாந்தின் கியூ தாவரத்தோட்டத் தலைவர் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. தேயிலைப் பச்சை முடிந்து காட்டுக் கரும்பச்சை தொடங்கும் கோட்டை மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால், ஒரு சட்டத்தின் விளிம்பையே நாம் பார்க்கிறோம். 1940இல் மலையைச் சூழ்ந்த காடு சரணாலயமாயிற்று. 2010இல் யுனெஸ்கோ அதனை ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்றது. களனி, களு, வளவை ஆறுகளுக்கு நீர் தருவது அக்காடே.

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் தெரியும் ஏழு கன்னியர் மலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏழு முகடுகளைக் கண்ட மாத்திரத்தில் நம்மவர்க்குக் கன்னிமாரின் நினைவே வரும். ஊரை விட்டு வந்தாலும் தெய்வத்தை விட்டு வரவில்லை அல்லவா? அம்மலையில் 1974 டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் மோதி 191 பேரும் மாண்டனர். பாத மலைக்கு இவ்வளவு அருகில், வேறொரு புண்ணிய தலத்துக்குப் புறப்பட்டவர்களின் பயணம் முடிந்தது. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும், கோடையில் நீர் வற்றும்போது இன்றும் தலைகாட்டுகின்றன.

மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை யாத்திரைக் காலம். நம் சங்கத்து இளைஞர் செல்லும்போது பேருந்தில் நல்லதண்ணிவரை போய் இறங்குவதோடு நில்லாமல், ஒருமுறையேனும் அம்பகமுவக் கல்வெட்டைக் கண்டு செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பேருந்து ஓடாத நாளில் உங்கள் பாட்டனாரும் தந்தையாரும் தோட்டத்துக் குறுக்குப்பாதைகளில் நடந்தே மலைக்குப் போனார்கள். எந்த மலையை வளைத்து, எந்த ஆற்றைக் கடந்து, எந்த லயத்தில் இரவு தங்கினார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த மலரில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.