குண்டு விழுந்த தூரம்: கடலூர்க் கரையில் அந்நியப் படைகள்

விஞ்ஞானப் புனைகதைகளில் வழக்கமாக ஒரு படை வரும். வேற்றுக்கிரகத்துப் படை. எண்ணிக்கையில் சிறியது, பொறுக்கியெடுத்தது. அதன் உடல் நம் உடல் மாதிரி இருக்காது. ஆயுதம் எவ்வளவு தூரம் பாயும் என்று நமக்குத் தெரியாது. யாருக்காகச் சண்டை போடுகிறது என்பதும் கடைசிவரை விளங்காது. ஹெச்.ஜி. வெல்ஸ் 1898இல் வெளியான தன் நாவலில் செவ்வாய்க்கிரகத்தாரை இங்கிலாந்தில் இறக்கியபோது, முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியர்களைக் குறிப்பிட்டுவிடுகிறார். ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே ஆண்டுகளில் ஒரு மக்களை அழித்தார்களே, செவ்வாய்க்காரன் அதையே நமக்குச் செய்தால் முறையிட நமக்கு என்ன யோக்யதை என்கிற தொனியில். (டாஸ்மேனியர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள், அழிந்துபோனவர்களாக அவர்களை எழுதிவிட்டதும் அதே காலனியப் பார்வைதான்.) ஆக இந்தப் புனைவு எங்கிருந்து முளைத்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. காலனிய அனுபவத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். நேராகவே படிக்க வேண்டுமானால் நமக்குக் கடலூர் போதும்.

1690. செஞ்சியிலிருந்த மராட்டிய ராஜாராமிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினி விலைபேசி வாங்கியது. கோட்டை மட்டுமல்ல, அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரையுள்ள நிலமும் சேர்த்தி. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். சுடுகிறவன் சாமர்த்தியமும் இதில் இருக்கிறது என்பது எலிஹு யேலின் நிர்வாகத்துக்குத் தெரியாததல்ல. செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே உள்ளே வந்துவிட்டது. 'குண்டு கிராமங்கள்' என்று பேர். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அளவுகோலும் ஆயுதமும் ஒன்றாகவே இருந்த ஒரு கிரயம் அது. அந்தக் கிராமங்களில் உழுதுகொண்டிருந்தவனிடம் யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவும் வேணுமா?

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனபிறகு 1752 வரை கும்பினியின் தலைமையிடம் இந்தத் தேவனாம்பட்டினம்தான். 1748இல் இங்கே வந்திறங்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸை இந்திய ராணுவத்தின் தந்தை என்கிறார்கள். தந்தை இருக்கட்டும், பிள்ளைகள் யார்? இங்கேதான் 'வெள்ளைக்காரப் படை' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது கலகலத்துப் போகிறது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் கூலிக்கு வந்தார்கள். 1752இல் ஒரு சுவிஸ் கம்பெனியைச் சென்னையிலிருந்து கடலூருக்குப் படகுகளில் அனுப்பியபோது துய்ப்ளே நடுக்கடலில் அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டு அரசுகளுக்கும் அப்போது போரே இல்லை. போர் கும்பினிகளுக்கு இடையில். சரக்குக் கப்பலைப் பிடிப்பதுபோல ஆட்களைப் பிடித்தார்கள் என்றே சொல்லலாம். கறுப்புத் தோலும் தொப்பியுமாக இந்தோ-போர்த்துக்கீசிய வழித்தோன்றல்கள் இருந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாக வாங்கிவந்து துப்பாக்கி கொடுக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். தமிழில் இவர்களுக்குக் காப்பிரி என்று பேர் வைத்துக்கொண்டோம். பறங்கி, சொல்தாது, சிப்பாய், காப்பிரி என்று அந்த நூற்றாண்டுத் தமிழ் அந்நியனை வகைபிரித்து வைத்திருந்தது. பிற்காலத் தேசிய வரலாறுதான் எல்லாரையும் ஒரே வெள்ளைக்காரனாக்கியது.

1758 ஜூன் 2ஆம் தேதி கோட்டை லாலியிடம் விழுந்தது. உள்ளே காவல் தலைவன் பொலியே, சுவிஸ்காரன். வெளியே தாக்கிய லாலி, அயர்லாந்தை விட்டோடிவந்த குடும்பத்துப் பிள்ளை, கூடவே தன் பேரிலான ஐரிஷ் படை. இங்கிலாந்தும் பிரான்சும் கடலூரில் மோதின என்கிறது பாடப்புத்தகம். மோதிய தலைமைகள் இரண்டும் அந்த இரண்டு தேசத்தையும் சேர்ந்தவை அல்ல. பீரங்கி இழுக்க மாடு கிடைக்காமல் லாலி புதுச்சேரிப் பக்கத்து ஆட்களைச் சாதி பார்க்காமல் பிடித்து நுகத்தடியில் பூட்டினார் என்பது அன்றைக்குப் பெரிய அக்கிரமமாகப் பேசப்பட்டது. உயர்சாதிக்காரனை இழுக்கவைத்ததுதான் அக்கிரமமாம். தினசரி இழுத்துக்கொண்டிருந்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

சிதம்பரத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் நடராசர் கோயில் திரும்பத் திரும்பக் கோட்டையாக இருந்திருக்கிறது. உயர்ந்த மதில், உள்ளே குளம், நெல் கொட்டிவைக்க மண்டபங்கள். 1781இல் ஹைதர் அலியின் காவற்படை உள்ளே இருந்தது. ஜூன் 18ஆம் தேதி அயர் கூட் தாக்கிப் பார்த்து, ஆட்களை இழந்து பின்வாங்கினார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றது பெரிய வெற்றியாக எழுதப்பட்டதில் இந்தத் தோல்வி அடியில் போய்விட்டது. நந்தனை நெருப்பில் இறக்கித்தான் உள்ளே விட்டதாகக் கதை சொல்கிற கோயில் இது. துப்பாக்கியோடு வந்தவனிடம் அது குலம் கேட்டதாகத் தகவல் இல்லை.

1783தான் இந்தக் கதையின் கனமான இடம். முந்திய வருஷமே கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் வசம் போயிருந்தது. மார்ச்சில் புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூருக்கு வந்தார். ஜூன் மாதம் ஜெனரல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். இவர் பக்கம் 15, 16 என்று எண்ணிட்ட இரண்டு ஹனோவர் ரெஜிமெண்டுகள். ஜெர்மானியர்கள். மூன்றாம் ஜார்ஜ் ஹனோவருக்கும் அதிபதி என்பதால் அவர்களைக் கும்பினிக்கு வாடகைக்கு விட முடிந்தது. எதிரே புஸ்ஸியின் அணியில் லா மார்க் ரெஜிமெண்ட். அதுவும் பிரெஞ்சுச் சேவகத்திலிருந்த ஜெர்மானியப் படைதான். கெடிலத்துக்குத் தெற்கே, வண்டிப்பாளையத்து மேட்டில், ஜெர்மன் பேசியவனை ஜெர்மன் பேசியவன் சுட்டான். ஜூன் 13 ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய ஆயிரம். இதில் கொடுமை, ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. சேதி வந்துசேர ஜூன் கடைசி ஆயிற்று. ஒளியாண்டுத் தொலைவிலிருந்து உத்தரவு வரும் கதைகளில்கூட இப்படி ஒரு தாமதத்தை நம்பும்படி எழுதுவது கஷ்டம்.

ஜூன் 25 விடியலுக்கு முன் புஸ்ஸியின் பொறுக்கியெடுத்த பிரெஞ்சு வீரர்கள் முற்றுகைப் பள்ளங்களின்மேல் பாய்ந்தார்கள். துப்பாக்கிமுனைச் சண்டை ஐரோப்பியனுக்கே உரியது, கறுப்புச் சிப்பாய் அதற்கு நிற்கமாட்டான் என்பது அன்றைய ராணுவ வேதம். நின்றார்கள். 24ஆவது வங்காளச் சிப்பாய்ப் படையும் சென்னைச் சிப்பாய்களும் துப்பாக்கிமுனைக்குத் துப்பாக்கிமுனை நின்று பிரெஞ்சுக்காரர்களைத் தள்ளிவிட்டார்கள். தாக்குதலை நடத்திவந்த அதிகாரியே பிடிபட்டார். வங்காளச் சிப்பாய்கள் கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று கப்பலேற மறுத்துத் தரைவழியாகவே நடந்து வந்தவர்கள். அவர்களும் இந்த மண்ணுக்கு அந்நியர்களே, பாஷை தெரியாது. ஏறக்குறைய ஐயாயிரம் பேராகப் புறப்பட்ட அந்த அணி 1785இல் வங்காளம் திரும்பியபோது இரண்டாயிரம் பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள். ஜெயித்துக் கொடுத்தது யார் பிழைப்பை என்று அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ.

அன்றைய நாளிலிருந்து உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது எதை? காயம்பட்டுப் பிடிபட்ட ஒரு பிரெஞ்சு சார்ஜண்டை. ஹனோவர் படைத்தலைவன் வாங்கன்ஹைம் அவனைத் தன் கூடாரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். அவன்தான் பிற்பாடு ஹனோவரை ஆண்டவரும், 1818இல் சுவீடனுக்கு ராஜாவானவருமான பெர்னதோத்தாம். அந்தச் சமயம் பெர்னதோத் இந்தியாவிலேயே இல்லை என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. ஆனாலும் கதை சாகவில்லை. அவனைப் பிடித்த சிப்பாய்க்குக் கதையில்கூடப் பேர் கிடையாது.

அப்புறம் சென்னைச் சிப்பாய்க்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். கும்பினியின் கூலி அவர்களுக்குப் பண்ணையார் வயலிலிருந்து வெளியேற ஒரு வாசல். அடக்குமுறைப் படையில் சேர்ந்தார்களே என்று இன்றைக்கு உட்கார்ந்து நியாயம் பேசுவது நமக்குச் சுலபம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரடெரிக் ராபர்ட்ஸ். தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லாதவன் என்பது அவர் கட்சி. பிறகு இந்தியா முழுமைக்கும் அவரே தலைமைத் தளபதி. வடமேற்கின் 'வீர இனங்கள்' பொறுக்கியெடுத்த படையானார்கள். மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள், கலைத்தார்கள், அந்த இடத்தில் பஞ்சாபிகளைச் சேர்த்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு ஊரில் மிச்சமிருந்தது சேரியும் பழைய பண்ணையாரும்.