ஊசி போடச் சொன்ன கோர்ட்

ஒரு குழந்தைக்கு என்ன ஊசி போடவேண்டும் என்பதை யார் முடிவு செய்வார்கள்? டாக்டர். இதிலென்ன சந்தேகம்? ஆனால் இத்தாலியில் கொஞ்ச காலம் அதை நீதிபதிகள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் வேண்டாம் என்றார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூடவே கூடாது என்றது. கோர்ட் மட்டும் சொன்னது: போடு.

2013 பிப்ரவரியில் இத்தாலிய டிவியில் ஒரு பிரபலமான நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பெயர் 'லே இயேனே'. கழுதைப்புலிகள் என்று அர்த்தம். (பெயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) அதில் ஒரு மூன்று வயதுச் சிறுமியைக் காட்டினார்கள். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை. திடீரென்று நடை தடுமாறியது. பிறகு நடையே போனது. பார்வையும் போய்க்கொண்டிருந்தது.

நோயின் பெயர் மெட்டாக்ரோமேட்டிக் லூகோடிஸ்ட்ரஃபி. சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறதல்லவா? விஷயம் எளிமையானதுதான். உடம்பில் ஒரே ஒரு என்சைம் இல்லை. அது இல்லாததால் ஒருவிதக் கொழுப்பு கரையாமல் மூளையிலும் நரம்பிலும் சேர்கிறது. மின்சார ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அந்த மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது அரித்துப்போகும். சின்ன வயதிலேயே வந்துவிட்டால் சில வருடங்களில் மரணம். அன்றைக்கு வைத்தியம் கிடையாது. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் ஓர் ஆசாமி, இருக்கிறது என்றார்.

தாவிதே வன்னோனி. உளவியல்காரர். உதினே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். டாக்டருக்குப் படித்தவரா? ம்ஹும். தனக்கு முகத்தில் வாதம் வந்து, உக்ரைனுக்குப் போய் ஸ்டெம்செல் சிகிச்சை எடுத்துக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டார். திரும்பி வந்து 2009ல் 'ஸ்டாமினா' என்றொரு அமைப்பைத் தொடங்கினார். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுப்பார்கள். ரெட்டினோயிக் அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்து, அதில் இரண்டு மணிநேரம் ஊறவைப்பார்கள். அவ்வளவுதான், அவை நரம்புச் செல் ஆகிவிடும். முதுகுத்தண்டில் ஊசி வழியே ஏற்றிவிட வேண்டியது. இட்லிக்கு அரிசி ஊறவே இதைவிட நேரம் பிடிக்கும்.

ஆரம்பத்தில் நோயாளிகளிடம் ஆயிரக்கணக்கான யூரோ வாங்கியதாகப் புகார். துரின் நகர அரசு வழக்கறிஞர் தோண்ட ஆரம்பித்தார். ஆனால் 2011ல் வன்னோனிக்கு ஓர் அரசு மருத்துவமனையே கதவைத் திறந்துவிட்டது. பிரேஷா நகரில் உள்ள ஆஸ்பத்திரி. எப்படி முடிந்தது? இத்தாலியில் 2006ல் ஓர் ஆணை போட்டிருந்தார்கள். உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்கிற நிலையில், நிரூபிக்கப்படாத செல் சிகிச்சையைத் தனி நோயாளி ஒருவருக்குக் கொடுக்கலாம். கருணை அடிப்படையில். கருணை என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

கேட்டார்கள். 2012 மே மாதம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு இழுத்து மூடச் சொன்னது. உடனே பெற்றோர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். ஒரு ஊர் நீதிபதி கொடுக்கச் சொன்னார், இன்னொரு ஊர் நீதிபதி கூடாது என்றார். எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் குழந்தைக்கு ஊசி.

அந்த நேரத்தில்தான் டிவி உள்ளே வந்தது. நாடே அழுதது. பாடகர் செலெந்தானோ பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். ரோம் வீதிகளில் சக்கர நாற்காலிகளோடு ஊர்வலம். மார்ச்சில் அரசு இறங்கிவந்து, ஏற்கெனவே ஆரம்பித்தவர்கள் தொடரலாம் என்றது. அப்படியானால் ஆரம்பிக்காதவர்கள்? மறுபடி ஊர்வலம். மே மாதம் நாடாளுமன்றம் 30 லட்சம் யூரோ ஒதுக்கி, முறையாகப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று சட்டமே போட்டுவிட்டது.

இந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கம் நிச்சயமான சாவு. இன்னொரு பக்கம் ஓர் ஊசி. பலித்தால் பிள்ளை. பலிக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? எந்த அப்பாவும் இப்படித்தான் யோசிப்பான். நானும்.

ஆனால் நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. ஒரு கம்பெனி லாபம் லாபம் என்று மட்டும் சொல்கிறது, கணக்குப் புத்தகத்தைக் காட்டமாட்டேன் என்கிறது. என்ன செய்வீர்கள்? வன்னோனி தன் செய்முறையைக் கடைசிவரை ஆய்விதழ் எதிலும் வெளியிடவில்லை. வெளியில் தெரிந்ததெல்லாம் அமெரிக்காவில் அவர் போட்ட காப்புரிமை விண்ணப்பம்தான். 2012ல் அதை அங்கே ஏற்கவில்லை. 2013 ஜூலையில் 'நேச்சர்' இதழ் ஒரு குண்டு போட்டது. விண்ணப்பத்தில் ஆதாரமாக இருந்த முக்கியமான படம் அவருடையதே இல்லை! ரஷ்ய, உக்ரைன் விஞ்ஞானிகள் 2003ல் வெளியிட்ட கட்டுரையில் இருந்த படம்.

போனால் என்ன என்று கேட்டோமே, இடுப்பில் துளையிட்டு மஜ்ஜை எடுப்பதும் முதுகுத்தண்டில் என்னவென்றே தெரியாத ஒன்றை ஏற்றுவதும் சும்மா இல்லை. செப்டம்பரில் நிபுணர் குழு, பரிசோதிக்கக்கூடத் தகுதியில்லை என்றது. குழுவினர் ஏற்கெனவே எதிரிகள் என்று வன்னோனி கோர்ட்டுக்குப் போனார். டிசம்பரில் ஜெயித்தார். இன்னொரு குழு. 2014 அக்டோபரில் அவர்களும் அதையே சொன்னார்கள். இடைப்பட்ட ஒரு வருடம் சும்மா போனது. அதற்குள் பிரேஷாவில் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு ஊசி போட்டிருந்தார்கள். 2015ல் வன்னோனி வழக்கை ஒப்புதல் பேரத்தில் முடித்துக்கொண்டார். ஒரு வருடம் பத்து மாதம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. மனிதர் அடங்கினாரா? ஜார்ஜியாவுக்குக் கடையை மாற்றினார். 2017ல் மறுபடி கைது. 2019 டிசம்பரில் இறந்துபோனார். டிவியில் வந்த அந்தச் சிறுமி 2017 டிசம்பரிலேயே போய்விட்டாள்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பிரேஷாவிலிருந்து மிலான் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே சான் ரஃபேலே மருத்துவமனை வளாகத்தில் லூயிஜி நால்தினி, அலெஸ்ஸாண்ட்ரா பிஃபி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழு, அதே நோய்க்கு, ஸ்டெம்செல்லை வைத்தே வருடக்கணக்காக வேலை செய்துகொண்டிருந்தது. குழந்தையின் ரத்த ஸ்டெம்செல்லை எடுத்து, அதில் இல்லாத மரபணுவை எய்ட்ஸ் வைரஸிலிருந்து உருவாக்கிய ஒரு வாகனத்தின் மூலம் ஏற்றித் திருப்பி உள்ளே அனுப்புவார்கள். முதல் மூன்று குழந்தைகளின் முடிவை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். எப்போது? 2013 ஜூலை. 'நேச்சர்' குண்டு போட்ட அதே மாதம். படிக்கப் படிக்கச் சிலிர்க்கிறது. முடங்கியிருக்க வேண்டிய குழந்தைகள் நடந்தார்கள். 2020 டிசம்பரில் ஐரோப்பா அனுமதித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கா. அங்கே விலை 42.5 லட்சம் டாலர். நம் கணக்கில் 35 கோடி ரூபாய்க்கு மேல்.

அப்படியானால் அந்தச் சிறுமியை ஏன் மிலானுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை? ஓடியும் பயனில்லை. சின்னக் குழந்தைகளுக்கு வரும் வகையில், அறிகுறி தெரிவதற்கு முன்னால் கொடுத்தால்தான் இந்தச் சிகிச்சை பலிக்கும். நடை தடுமாறிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குள் இந்த நோய் இருப்பது எப்படித் தெரியும்? மிலானில் பிழைத்த குழந்தைகளுக்குத் தெரிந்தது. அனேகமாக எல்லோருக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தார்கள். அவர்களுக்கு முதலில் வந்தது.