மூன்றெழுத்துக் காமிரா

பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். இந்தப் பலவீனத்தை நம்பிப் பழைய காமிரா வியாபாரத்தில் ஒரு தனிக் கிளையே தழைத்திருக்கிறது.

தங்க முலாம் பூசிய சின்னஞ்சிறு காமிரா ஒன்றைக் கடைக்காரர் உங்கள் முன் வைப்பார். அதன் தலையில் 'லைக்கா' என்று அழகாகப் பொறித்திருக்கும். பக்கத்தில் ஜெர்மன் விமானப் படையின் கழுகுச் சின்னமும் இருக்கலாம். "ஹிட்லர் காலத்துச் சரக்கு ஸார்!" என்பார், குரலைத் தாழ்த்தி. நீங்கள் அவசரப்படாமல் லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். மேலே ஒரு சிறு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உருளும் சக்கரம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். சக்கரத்துக்குப் பதிலாக ஆப்பைப் போன்ற தட்டையான துண்டு இருந்தால், அது பெரும்பாலும் சோவியத் நாட்டுக் காமிராதான். சொந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதற்கு இரவல் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு கடையில் இரண்டு காமிராக்களைக் காட்டினார்கள். ஒன்று பொன்னிறக் கழுகு. மற்றது முலாம் உரிந்து பித்தளை தெரிந்த ஏழை. ஆனால் அந்த ஏழையின் தலையில் ருஷ்ய லிபியில் மூன்று எழுத்துக்கள் அழியாமல் இருந்தன: ஃபெட். நான் ஏழையைத்தான் வாங்கினேன். அந்த மூன்றெழுத்தின் கதை எனக்கு முன்பே தெரியும். கதை எழுதிப் பிழைக்கிறவன், கதையை விட்டுவிட்டுத் தங்க முலாமை வாங்கலாமா?

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. வெட்ஸ்லர் என்ற ஊரில், மைக்ராஸ்கோப் செய்யும் லைட்ஸ் கம்பெனியில், ஆஸ்கார் பர்னாக் என்ற நிபுணர் இருந்தார். ஆஸ்துமாக்காரர். அந்தக் காலத்துக் காமிராவோ கண்ணாடித் தகடும் முக்காலியுமாக ஒரு சுமை. அதைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. 1914 வாக்கில், சினிமாப் பிலிமைக் கொண்டே படம் பிடிக்கும் கையடக்கக் காமிரா ஒன்றை அவர் செய்து பார்த்தார். 1925-ல் அது லைக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1932-ல் வந்த இரண்டாவது மாடலில், லென்ஸோடு இணைந்த தூரமானியும் சேர்ந்துகொண்டது.

தூரமானி என்பது ஓர் அழகான தந்திரம். காமிராவின் நெற்றியில் இரண்டு ஜன்னல்கள். இரண்டின் வழியாகவும் வரும் காட்சி, பார்ப்பவர் கண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எதிரே நிற்கும் மனிதர் இரட்டையாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப, இரண்டு உருவங்களும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடத்தில் விசையைத் தட்டினால் படம் துல்லியமாக விழும்.

இனி உக்ரேனுக்குப் போவோம். உலக யுத்தம், புரட்சி, உள்நாட்டுச் சண்டை, 1921-ன் பஞ்சம் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கான குழந்தைகளைத் தெருவில் விட்டிருந்தன. அவர்கள் ரயிலடியில் தூங்கினார்கள், திருடித் தின்றார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 1927-ன் இறுதியில் கார்க்கிவ் நகரின் ஓரத்தில் ஒரு கம்யூன் திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ரகசியப் போலீஸார்! தங்கள் முதல் தலைவர் பெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் ஞாபகார்த்தமாக, சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'ஃபெட்'.

கம்யூனை நடத்தியவர் அந்தோன் மக்கரென்கோ என்ற பள்ளி ஆசிரியர். பிள்ளைகளின் பழைய குற்றங்களைக் கிளறக் கூடாது என்பது அவர் விதி. முன்பு தாம் நடத்திய இன்னொரு விடுதியில், திருடிப் பழகிய ஒரு பையனையே நகரத்துக்கு அனுப்பிப் பணம் வாங்கிவரச் செய்தவர் அவர். பையன் ஒரு காசு குறையாமல் கொண்டுவந்தானாம். கார்க்கிவில் பிள்ளைகள் தினமும் பாதிப் பொழுது படித்தார்கள். பாதிப் பொழுது வேலை செய்தார்கள். முதலில் மர சாமான்கள், பிறகு மின்சாரத் துளைக் கருவி. 1932-ல் லைக்காவைப் பார்த்து மாதிரிக் காமிராக்கள் செய்தார்கள். 1934 முதல் வரிசையாக உற்பத்தி நடந்தது. பூட்டை உடைத்த விரல்கள், மயிரிழை பிசகினாலும் படம் கெட்டுப்போகும் பொறியை இணைக்கக் கற்றுக்கொண்டன!

இவ்வளவோடு நிறுத்தினால் கதை சுபமாக முடிந்துவிடும். ஆனால் அதே 1932, 33-ல் உக்ரேனியக் கிராமங்களில் தானியத்தை அரசாங்கம் பறித்துக்கொண்டதால் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். பிழைப்புத் தேடி ஊரை விட்டு ஓடியவர்களை வழிமறித்துத் திருப்பியதும் அதே ரகசியப் போலீஸ்தான். கார்க்கிவ் நகரத் தெருவிலேயே மனிதர்கள் விழுந்து இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த அலெக்ஸாண்டர் வீனர்பெர்கர் என்ற ஆஸ்திரிய என்ஜினீயர், 1933-ல் அதை ஒளிந்து ஒளிந்து படம் பிடித்தார். அவர் கையில் இருந்தது ஒரு லைக்கா. நகரத்தின் ஓரத்தில் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் லைக்காவின் நகலைச் செய்யக் கற்றுக்கொண்டிருந்தபோது, நகரத்துக்குள்ளே அசல் லைக்கா, காப்பாற்ற ஆளில்லாதவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்க எந்தத் தூரமானியாலும் முடியாது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதும் நியாயமல்ல. பிள்ளைகளுக்குச் சோறும் தொழிலும் கிடைத்தது நிஜம். கொடுத்த கையில் ரத்தம் இருந்ததும் நிஜம்.

என் ஃபெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பிலிமின் நுனியை நீளமாக, மெல்லியதாக வெட்டி, அடிப்பக்கமாகச் செருகவேண்டும். பிலிமைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்றவேண்டும். இன்னொரு விசேஷமும் உண்டு. யுத்தத்துக்கு முந்திய ஃபெட்டின் லென்ஸை வேறொரு ஃபெட்டில் மாட்டினால் பல சமயம் படம் மங்கும். அளவு நிலைப்படாத காலத்தில் ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் உடலுக்கென்றே தேய்த்துப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் யாரோ ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்து, சரியாகும்வரை பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும்.

1941-ல் ஜெர்மன் படை வந்தபோது தொழிற்சாலையை சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். யுத்தத்துக்குப் பிறகு அது கார்க்கிவுக்குத் திரும்பியது. 1990-களில் காமிரா செய்வது நின்றது. 2022 முதல் அந்த நகரத்தின்மேல் மறுபடியும் குண்டுகள் விழுந்தன.

அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்தக் காமிராவிலும் இல்லை. என் காமிராவில் மிஞ்சியிருப்பது போலீஸ் தலைவரின் மூன்று எழுத்து மட்டும். ஆனாலும், இது எங்கே யார் செய்தது என்று கேட்டுக்கொண்டு போக அந்த மூன்றெழுத்தை விட்டால் வேறு வழியில்லை. லாபத்துக்காக அதைச் சுரண்டி எறிகிறவன், அநாதைகளை இன்னொரு முறை அநாதையாக்குகிறான்.