குரலின் வீட்டில் குடியேறிய படம்

அமெச்சூர் வானொலியாளர்களின் உரையாடல்களை இரவுகளில் ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு, நேயர்களே. 14.230 மெகாஹேட்ஸ் பக்கம் போனால் அங்கே பேச்சும் இராது, மோர்ஸ் தட்டலும் இராது. செக்கனுக்கு இரண்டு தரம் போலத் துடிக்கும் ஒரு கீச்சொலி மட்டுமே கேட்கும். இதை இடையூறென்று நெடுநாள் சபித்திருக்கிறேன். அது யாரோ ஒருவர் கடல் கடந்து அனுப்பும் படம் என்று அறிந்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

படத்துக்கு இடம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 6 மெகாஹேட்ஸ். மனிதக் குரலுக்கோ ஏறத்தாழ 3 கிலோஹேட்ஸ் போதும். அமெச்சூர்களின் 20 மீற்றர் அலைவரிசை முழுவதையும் அளந்தாலும் 350 கிலோஹேட்ஸ்தான். ஆட்டுக் கொட்டிலில் ஆனையைக் கட்டுவதெப்படி?

கென்டக்கிப் பல்கலைக்கழக மாணவரான கொப்தோர்ன் மக்டொனால்ட் 1957-58இல் ஆனையை மெலிய வைத்தார். அசையும் படம் வேண்டாம், அசையாப் படம் ஒன்று போதும். அதற்கு 120 வரிகள், எட்டுச் செக்கன்கள். ஒளியை ஒலியாக்கினார்: பின்னாளில் கறுப்புக்கு 1500 ஹேட்ஸ், வெள்ளைக்கு 2300 என்றாயிற்று. இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் இடைப்பட்ட சுருதிகளில் ஒலித்தன. பெறுபவர், றேடாருக்கென ஆன நின்றொளிரும் திரையை இருட்டறையில் வைத்துப் பார்ப்பார். கடைசி வரி விழும்போது முதல் வரி மங்கத் தொடங்கிவிடும்!

முதற் பரிசோதனைகள் 11 மீற்றர் அலைவரிசையில் நடந்தன. அதே 1958இல் அந்த அலைவரிசையை அமெரிக்க அரசு அமெச்சூர்களிடமிருந்து எடுத்துப் பொதுமக்கள் வானொலிக்குக் கொடுத்துவிட்டது. சிற்றலையில் படம் அனுப்பப் பொது அனுமதி கிடைத்தது 1968இல். அதுவும் மேல்நிலை உரிமம் பெற்றோருக்கே. இராமனுக்குப் பதினான்கு ஆண்டு, இதற்குப் பத்து. படம் குரலுக்குரிய பகுதியில் வாழலாம், ஆனால் குரலைவிட அகலமாகக் கூடாது என்பது விதியாயிற்று. நியாயமான விதியென்றே நினைக்கிறேன். அடுத்த வீட்டுக்காரனுக்கும் மூச்சுவிட இடம் வேண்டுமல்லவா?

பின்னர் கணினி வந்தது. இலக்கமுறைப் படமும் வந்தது. இங்கேதான் எனக்கு வியப்பு. அமெரிக்க விதிகள் ஒவ்வொரு பரப்புகைக்கும் ஒரு குறியீடு தருகின்றன. அதன் மூன்றாம் எழுத்து, அலை சுமப்பது என்ன என்பதைச் சொல்லும். ஒரே இரைச்சல்தான், அது கணினித் தரவைச் சுமந்தால் 20 மீற்றரில் 14.150க்குக் கீழே போகவேண்டும், படத்தைச் சுமந்தால் அதற்கு மேலே, குரலின் பக்கம். காதுக்குத் தெரியாத வேறுபாடு சட்டத்துக்குத் தெரிகிறது! இலக்கமுறைப் படக்காரர் 14.233ஐச் சூழக் கூடுவர். அது சட்டமன்று, தமக்குள் வகுத்துக்கொண்ட வழக்கம்.

இலக்கமுறைப் படம் வந்தால் மாசுமறுவின்றி வரும். துண்டுகள் தவறினால், தவறியவற்றை மட்டும் மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். எனினும் என் மனம் பழையதன் பக்கமே சாய்கிறது. கைத்தொலைபேசியை வானொலியருகே பிடித்தால் போதும், அதிலுள்ள செயலி வரிவரியாகப் படம் வரைந்துவிடும். அண்மையில் ஓரிரவு அப்படிப் பிடித்திருந்தேன். மேலிருந்து ஒரு தொப்பி இறங்கியது. பிறகு நரைத்த புருவம். அவ்வளவில் அலை தளர்ந்தது. மிச்சமெல்லாம் பனிமூட்டம்.