மூன்று திங்கள் மன்னனின் காசு

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலைச்சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் நம்மைக் காண வந்தார். பழங்காசுகள் திரட்டுவதில் பேரார்வம் உடைய இளைஞர். பழைய தீனார், திர்ஹம்களின் எழுத்தை நாம் படித்துச் சொல்வோம் என்று எவரோ அவரிடம் கூறியிருக்கின்றனர். தாள் மடிப்பொன்றை விரித்து, வெள்ளிக்காசு ஒன்றை நம் கையில் வைத்தார்.

"ஹஜ்ரத், ரோமாபுரியை மூன்றே மாதம் ஆண்ட அரசனுடைய காசு என்று சொல்லி விற்றார்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாம். மெய்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் கொடுத்த விலை ஒரு மூட்டை ஏலக்காயின் விலைக்குக் குறைந்ததன்று.

காசில் இருந்த பெயர் ஓத்தோ. கி.பி. 68இல் நீரோ மாண்டபின், கல்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ் என மூவர் அடுத்தடுத்து அரியணை ஏறி வீழ்ந்தனர். 69ஆம் ஆண்டின் இறுதியில் வெஸ்பாசியன் வந்தபிறகே அரசு நிலைபெற்றது. இவர்களுள் ஓத்தோ சனவரி 15இல் ஆட்சியைப் பற்றி, ஏப்ரல் 16இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன். அவனுடைய வெள்ளிக்காசுகளின் பின்புறத்தில் 'உரோம மக்களின் பாதுகாப்பு' என்று பொருள்படும் சொற்கள் காணப்படுகின்றன! தன் உயிரைக் காத்துக்கொள்ள இயலாதவன் நாட்டு மக்களுக்குக் காவல் கூறிய காசு அது. படைவீரர்க்கு ஊதியம் தர வேண்டும். தன் முகத்தை நாடெங்கும் அறிவிக்க வேண்டும். ஆதலின் புதிதாய் வந்த மன்னன் எவனும் முதலில் நாடியது அக்கசாலையையே. பன்னிரு சீசர்களின் காசுகளையும் ஒருங்கே சேர்க்க விழைவோர்க்கு ஓத்தோவின் காசு கிடைத்தற்கரியது. எது அரியதோ அதற்கே போலியும் பிறக்கிறது.

இனி, அமராவதி மணலுக்கு இக்காசு வந்திருக்கக் கூடுமா? யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறும். கரூர்ப் பக்கத்தே உரோமக் காசுகள் கிடைத்திருப்பதும் உண்மையே. எனினும் தமிழகத்தில் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவருடையவை. கி.பி. 64 அளவில் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். ஒரு பவுண்டு எடைக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆயிற்று. நம் வணிகர் மன்னன் முகத்தையா பார்த்தனர்? நிறையையும் மாற்றையும் அன்றோ பார்த்தனர்! அதன்பின் அடித்த வெள்ளிக்காசு இங்கு வருவது அருகியது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அதில் நீரோவின் காசுகள் உண்டு. வெஸ்பாசியன் காசுகளும் உண்டு. இடையில் வந்த மூவர் இல்லை.

ஐயம் வலுத்தமையால் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினோம். அக்காலக் காசு, இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டது. இதிலோ விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக்கோடு. பரப்பெங்கும் ஊசிமுனை அளவான குழிகள். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. உருக்கி வார்த்த போலி என்பது தெளிவாயிற்று.

இளைஞரின் முகம் வாடியது. சற்றுப் பொறுத்து, "வேறொருவரிடம் விற்றுவிட்டால் போட்ட பணமாவது திரும்புமே, ஹஜ்ரத்" என்றார்.

அவருக்கு நாம் சொன்ன செய்தி இது. 1900இல் பிரான்சு நாட்டில் டொமிஷியானஸ் என்னும் பெயர் தாங்கிய காசொன்று கிடைத்தது. கி.பி. 271 அளவில் கால் என்ற நாட்டில் சின்னாள் அரசனாய் இருந்தவன் அவன். அக்காசைப் போலி என்றே அறிஞர் பலர் ஒதுக்கினர். நூறாண்டுகள் கழித்து, 2003இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் ஏறத்தாழ 5000 காசுகள் கொண்ட பானையொன்று வெளிப்பட்டது. அதனுள் அதே அச்சில் அடித்த இரண்டாவது காசு இருந்தது. மறக்கப்பட்ட மன்னன் ஒருவன் வரலாற்றில் மீண்டும் இடம்பெற்றான். அவனுக்குச் சான்று கூறியது காசு மட்டுமன்று. அது கிடந்த பானையும், உடன்கிடந்த காசுகளுமே.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. சொல் எத்துணை அழகியதாயினும், யார் யாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாது இல்லையேல் அறிஞர் அதனை ஏற்பதில்லை. காசுக்கும் இஸ்னாது உண்டு. எவ்வூர், எந்நிலம், எவற்றோடு கிடைத்தது என்பதே அது. நம் போடியிலும் மீன் குறி பொறித்த பாண்டியரின் வெள்ளி முத்திரைக் காசுகள் புதையலாய்க் கிடைத்துள்ளன. ஒருசேர அறியப்பட்டமையால் அன்றோ அவை இவ்வூரின் பழைமைக்குச் சான்றாயின? தனித்தனியே சந்தைக்குப் போயிருந்தால் வெறும் வெள்ளித் துண்டுகளே. இதனாற்றான் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது.

"தம்பி, உங்களிடம் பொய்யான இஸ்னாது கூறி விற்றார்கள். அதையே நீங்கள் மற்றொருவர்க்குக் கூறுவீர்களானால், அந்தப் பொய்ச் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணி ஆவீர்கள்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நம்மிடம் எழுதுகோல் வாங்கி, அத்தாளின் மேல் வாங்கிய நாளையும் கொடுத்த விலையையும் எழுதி, அடியில் 'வார்ப்புப் போலி' என்று குறித்து, காசை அதனுள் மடித்து எடுத்துச் சென்றார். அவர் சேர்த்தவற்றுள் இஸ்னாது உடைய முதற்காசு அதுவே.